பச்சைக்கு நீலக் கரை

கள்ளிச்செவலில் முதன்முதலாக அடுப்பு பச்சையாக எரிந்தது ராமுத்தாய் வீட்டில். அன்றைக்கு அவள் வைத்தது கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, அவள் வீட்டுக்காரர் அதைச் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் கை கழுவினார் என்பது வரைக்கும் ஊருக்குள் ஒரே பேச்சுத்தான். மற்றதையெல்லாம் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள், நான் எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். விறகு ஈரமாக இருந்தது, ராமுத்தாய் ஊதாங்குழலை எடுத்து நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஊதினாள், புகை விலகித் தீ எழும்பியபோது அது வேப்பங்கொழுந்து நிறத்தில் எழும்பியது. அவள் பதறவில்லை. பகல் முழுக்கப் பட்டாசுக் கம்பெனியில் அந்தப் பச்சையைத்தான் அவள் சலித்துக் கலந்து உருட்டுகிறாள். சாக்கில் பேரியம் என்று எழுதியிருக்கும், எங்களுக்கு அது பச்சை மருந்து. கல்லாகக் கனக்கிற வெள்ளைப் பொடி, பார்த்தால் கோலமாவு என்று நினைத்துக்கொள்வீர்கள், தீயைக் கண்டால்தான் அது தன் நிறத்தைக் காட்டும். கையில் ஒட்டியது, சேலையில் ஒட்டியது, மூக்கில் ஏறியது எல்லாம் இத்தனை வருஷமாக எங்கே போயிருக்கும், உள்ளேதான் கிடந்திருக்கும், இன்றைக்கு மூச்சோடு வெளியே வருகிறது என்று நினைத்துக்கொண்டு அவள் குழம்பை இறக்கி வைத்தாள்.

அடுத்த நாள் பொழுது சாய்வதற்குள் ஊரே நிறம் மாறிப்போனது. சிவப்பு மருந்து உருட்டுகிறவர்கள் வீட்டில் அடுப்பு செக்கச்செவேலென்று எரிந்தது. அது ஸ்ட்ரான்சியம், சுண்ணாம்புக்கு உறவுக்காரன், உடம்புக்குள் நுழைந்தால் எலும்பைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்கிறவன். பொட்டாசியம் சலிக்கிறவர்கள் ஊதினால் கத்திரிப்பூ நிறம், செம்புத் தூளில் கை வைக்கிறவர்கள் ஊதினால் மயில் கழுத்து நீலம், அலுமினியப் பொடியில் கிடந்து வெள்ளிச் சிலையாக வீடு திரும்புகிறவர்கள் ஊதினால் கண்ணால் பார்க்க முடியாத வெள்ளை, அவர்கள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு தோசை சுட்டார்கள். கம்பி மத்தாப்புக்கு இரும்புத் தூள் கலக்கிறவர்கள் வீட்டு அடுப்பு பூப்பூவாகத் தெறித்தது, அந்த வீட்டுப் பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்து சாப்பிடக் கற்றுக்கொண்டன. கரி இடிக்கிறவர்களுக்கு மட்டும் எந்த மாற்றமும் இல்லை. விறகே கரிதானே, அடுப்பு அதற்குப் பிறந்த வீடு. கேஸ் அடுப்பு வைத்திருந்தவர்கள் முதல் நாள் கொஞ்சம் பெருமையாக இருந்தார்கள், அப்புறம் பக்கத்தில் நின்று ஒரு பெருமூச்சு விட்டாலே போதும் என்று ஆகிவிட்டது. பெருமூச்சு விடாமல் சமைக்கிற பொம்பளை எங்கள் ஊரில் யார் இருக்கிறார்கள்.

நான் வெடிக்குக் குழாய் சுற்றுகிறவள். காகிதமும் பசையும்தான் என் பிழைப்பு, ஆகவே என் அடுப்பு பழையபடியே எரிந்தது, எனக்கு அதில் வருத்தம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஊரே திருவிழாவாக இருக்கும்போது நான் மட்டும் சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்காரி மாதிரி சாதாரணத் தீயில் சோறு பொங்கிக்கொண்டிருந்தேன்.

இப்படி ஒன்று வேறு ஊரில் நடந்திருந்தால் சாமியாரைக் கூப்பிட்டிருப்பார்கள், டிவிக்காரனைக் கூப்பிட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் வாரம் திரும்புவதற்குள் அது ரேஷன் கடை வரிசை மாதிரி பழகிப்போனது. பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜி தின்றுவிட்டு அடுப்படியை எட்டிப் பார்த்தார்கள், வெள்ளைத் தீக்காரியை மருமகளாக எடுத்தால் கண் போய்விடும் என்று ஒரு சம்பந்தம் தட்டிப்போனது, நீலக்காரிக்கு மூன்று வீட்டிலிருந்து கேட்டு வந்தார்கள். மருமகள் சமைத்தாளா, மகன் சமைத்துக் கொடுத்தானா என்று மாமியார்கள் தெருவில் நின்றபடியே கண்டுபிடித்தார்கள். மருந்து கலக்குகிற ஆண்கள் பீடியை இழுத்து விட்டால் நுனி ஊதாவாகக் கனிந்தது, யார் எந்த மரத்தடியில் உட்கார்ந்து சீட்டு விளையாடுகிறான் என்று பெண்டாட்டிமார் தூரத்திலிருந்தே சொன்னார்கள். காளியம்மன் பொங்கலுக்கு வரிசையாகப் பானை வைத்து எல்லோரும் ஊதியபோது கோவில் மைதானத்தில் பச்சையும் சிவப்பும் நீலமும் ஊதாவும் நின்று எரிந்தன, தீபாவளி என்பது யாரோ வாங்கி யாரோ வெடிப்பது என்று இருந்த எங்களுக்கு அன்றைக்குத்தான் அது எங்களுடையது மாதிரி இருந்தது.

அந்த வரிசையில் எல்லோரும் நின்று பார்த்தது குருவம்மாளுடைய பானையைத்தான். அவள் நீல ரூமில் பல வருஷம் செம்பு மருந்து உருட்டிவிட்டு, அப்புறம் ஏழாம் நம்பர் ரூமுக்கு, பச்சைக்கு, மாற்றப்பட்டவள். செம்பும் போகவில்லை, பேரியமும் விடவில்லை. அவள் ஊதினால் தீ நடுவில் பச்சையாகவும் ஓரத்தில் நீலமாகவும் எரியும், பச்சைச் சேலைக்கு நீலக் கரை பிடித்த மாதிரி. அப்படி ஒரு தீ ஊரில் வேறு யாருக்கும் கிடையாது. அவள் வீட்டுக்காரர் வெள்ளைத்துரை லாரியில் லோடு ஏற்றுகிறவர், ஊமைக் கோட்டான் என்று பெயர் எடுத்தவர், அவர்கூட வேலை முடிந்து வந்தால் அடுப்படி வாசலில் குத்தவைத்து அந்தக் கரையையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர்கள் மகள் செல்வக்கனி கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறவள், இருபது வயது தாண்டிய பெண், என்னைப் போலவே நிறம் இல்லாதவள்.

ஊர் சந்தோஷமாக இருந்தால் கம்பெனிக்குப் பொறுக்காது. மேனேஜர் ஞானசிகாமணி ஒரு நாள் சாயங்காலம் எங்களைக் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கெமிஸ்ட்ரி படித்தவர், எங்களிடம் கத்தமாட்டார், பாடம் நடத்துவார்.

"இந்தா பாருங்கம்மா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். சோடியம்னு ஒன்னு இருக்கு, நாம சோத்துல போடுற உப்புல இருக்கிறது. தீயில போட்டா மஞ்சளா எரியும். அது எரியும்போது வேற எந்தக் கலரும் கண்ணுக்குத் தெரியாது, எல்லாத்தையும் அமுக்கிப்புடும். கம்பெனியே உங்களுக்கு உப்புப் பாக்கெட் குடுக்குது. அடுப்பு ஊதுறதுக்கு முன்னால ஒரு கை அள்ளிப் போட்டுருங்க."

"எதுக்குங்க அண்ணாச்சி அமுக்கணும்?" என்றாள் ராமுத்தாய்.

"பச்சை ரூமுக்கு நாலு பேருக்குத்தான் அனுமதி. நீங்க எத்தனை பேரு உக்காந்து உருட்டுறீங்கன்னு உங்களுக்கே தெரியும். நாளைக்கு ஒரு ஆபீசர் உங்க தெருவுல நின்னு பச்சை அடுப்பை எண்ணுனாருன்னா கம்பெனிக்குப் பூட்டு. பூட்டுனா உங்களுக்கு எங்க வேலை?"

போட்டோம். வேலை போய்விடும் என்று சொன்னால் நாங்கள் எதில் வேண்டுமானாலும் எதையும் போடுவோம். பாக்கெட்டைப் பிரித்து ஒரு கை அள்ளி அடுப்பில் போட்டால் உப்பு படபடவென்று பொரிந்து, பச்சையும் சிவப்பும் நீலமும் எங்கே போனது என்றே தெரியாமல் வீட்டுக்கு வீடு ஒரே மஞ்சள், ஊருக்கே காமாலை கண்ட மாதிரி ஆனது. சோடியத்தைக் குறை சொல்ல மாட்டேன், அது இல்லாவிட்டால் உடம்பில் ரத்தம் ஓடாது என்கிறார்கள், கண்ணீரிலும் வியர்வையிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் சபையில் ஒருத்தன் பேச ஆரம்பித்தால் மற்றவன் வாயைத் திறக்க முடியாது என்று சில பேர் இருப்பார்களே, அந்த ரகம். குருவம்மாள் மட்டும் முதலில் ஒருதரம் ஊதி, கரையைக் கண் நிறையப் பார்த்துவிட்டு, அப்புறம் உப்பைப் போடுவாள். வெள்ளைத்துரை அந்த ஒருதரத்துக்காகத் தினமும் நேரத்தோடு வீட்டுக்கு வந்தார்.

ஏழாம் நம்பர் ரூம் வெடித்தது டீ நேரத்தில். பச்சை ரூம் பெண்கள் எல்லோரும் வெளியே வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டார்கள். "தட்டுல பரப்புன மருந்து காத்துல பறக்கும், மூடிட்டு வாரேன்" என்று குருவம்மாள் மட்டும் உள்ளே நின்றாள். எங்கே உரசியதோ, எது விழுந்ததோ, யாருக்குத் தெரியும். சத்தம் கேட்டு நாங்கள் எல்லோரும் வெட்டவெளிக்கு ஓடினோம், திரும்பிப் பார்த்தபோது ரூம் இருந்த இடத்தில் ரூம் இல்லை. பொழுது அடைவதற்குள் கம்பெனி ஜேசிபியை வரவழைத்து அந்த இடத்தை மேடு பள்ளம் இல்லாமல் சமப்படுத்தியது, விசாரிக்க வந்த ஆபீசர்களிடம் மேனேஜர் அனுமதி வாங்கிய நாலு பேரையும் வரிசையாக நிறுத்திக் காட்டினார், ரூமுக்கு நாலு பேர், நாலு பேரும் பத்திரம், உயிர்ச்சேதம் இல்லை என்றார்.

அப்படியானால் குருவம்மாள் எங்கே என்று வெள்ளைத்துரை போய்க் கேட்டார். அன்றைக்கு அவள் வேலைக்கே வரவில்லை என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, சொல்லக் கூடாது, இருந்தாலும் உன் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது என்று மேனேஜர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, காலையில் அவள் யாரோ ஒரு ஆளோடு கோவில்பட்டி பஸ்ஸில் ஏறியதைக் கம்பெனி டிரைவர் பார்த்தான் என்றார். மறுநாள் அது ஊர் முழுக்கப் பரவியது. பச்சை ரூம் பெண்களுக்கு உண்மை தெரியும், ஆனால் அந்த நாலு பேரைத் தவிர மற்றவர்கள் காகிதத்திலேயே அங்கே இல்லை. இல்லாத ஆட்கள் போய், இருந்தவள் செத்தாள் என்று எப்படிச் சாட்சி சொல்வது என்று அவர்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளைத்துரை அந்தப் பஸ் கதையை நம்பினார். எனக்கு முதலில் அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பக்கத்து வீடு என்பதால் அப்பாவும் மகளும் பேசியது சுவர் தாண்டி எனக்குக் கேட்டது, அதற்குப் பிறகு ஆத்திரம் வரவில்லை.

"ஊரே எங்கம்மாவை ஓடுகாலிங்குது. நீங்களும் தலையாட்டிட்டு உக்காந்திருக்கீங்க" என்றாள் செல்வக்கனி.

"ஓடிப் போயிருந்தா எங்கயாச்சும் உசுரோட இருப்பால்லம்மா" என்றார் அவர்.



"உசுரோட இருந்தா என்னை விட்டுட்டு இருக்க மாட்டாப்பா" என்றாள் அவள்.

மறுநாள் விடிந்ததும் அவள் ராமுத்தாய் வீட்டு வாசலில் போய் நின்றாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. "பெரியம்மா, நீங்க பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். ராமுத்தாய் அடுப்பில் போடுவதற்குக் கையில் உப்பை அள்ளி வைத்திருந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த உப்பைச் சாக்கடையில் உதறினாள்.

"பாத்தேன் தாயி. உள்ளதான் இருந்தா."

ஏழாம் நம்பர் ரூம் இருந்த இடத்தைப் பெருக்கிக் கூட்ட அன்றைக்குப் பச்சை ரூம் பெண்களைத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். கம்பெனிக்குள் செருப்புப் போடக் கூடாது, வேலை முடிந்து வெளியே வரும்போது கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற தொட்டியில் இறங்கிக் கால் கழுவிவிட்டுத்தான் தெருவுக்கு வர வேண்டும், மருந்து வீடு வரைக்கும் ஒட்டிக்கொண்டு வரக் கூடாது என்பது சட்டம். அன்றைக்கு அவர்கள் தலைகீழாகச் செய்தார்கள். முதலில் பம்படிக்குப் போய்க் கால்களை நன்றாக நனைத்துக்கொண்டார்கள், நனைந்த கால்களோடு அந்தச் சமப்படுத்திய மண்ணில் அங்கும் இங்குமாக நடந்தார்கள், மறுபடி போய் நனைத்தார்கள், மறுபடி நடந்தார்கள், கரண்டைக்கால் வரைக்கும் கரிசல் மண் அப்பிக்கொண்டது. தொட்டியைத் தாண்டி நேராக கேட்டுக்கு வந்தார்கள்.

"கால் கழுவாமப் போகக் கூடாது" என்று வாட்ச்மேன் குறுக்கே வந்தார்.

"வீட்ல போய்க் கழுவிக்கிறோம்யா" என்று சொல்லிவிட்டு ராமுத்தாய் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள், பின்னால் எல்லோரும் நடந்தார்கள். ரோடு முழுக்க ஈரச் சகதியில் வரிசையாகப் பாதங்கள், ஒரு காலை அழுத்தி ஊன்றினால் மண் உதிர்ந்துவிடும் என்று அவர்கள் நிறைமாசக்காரிகள் மாதிரி மெல்ல நடந்து வந்தார்கள்.

செல்வக்கனி ஊர் முகப்பில் ஒரு தாம்பாளத்தோடு காத்திருந்தாள். ஒவ்வொருத்தி காலடியிலும் உட்கார்ந்து, கையால் மண்ணை வழித்துத் தாம்பாளத்தில் சேர்த்தாள். "நீ காலைத் தொடாத தாயி, நாங்களே வழிச்சுத் தாரோம்" என்று ராமுத்தாய் பின்வாங்கினாள்.

"எங்கம்மாவைத்தான கூட்டிட்டு வந்திருக்கீங்க பெரியம்மா. நானே எறக்குறேன்."

அதைக் கேட்டு அந்தத் தெருவில் அழாதவர்கள் இல்லை. நானும் அழுதேன், அழுதுகொண்டே சிதைக்கு அடுக்க என் வீட்டு எருவாட்டியையும் காய்ந்த பருத்திமாரையும் வாரிக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் கிடையாது. தெரு முனையோடு திரும்பிவிட வேண்டும், தலை முழுகிவிட்டு வீட்டில் உட்கார்ந்து அழ வேண்டும். நாங்கள் முனையைத் தாண்டியபோது ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் மறித்தார்கள். பொம்பளைகள் மயானத்துக்கு வருவதாவது என்றார்கள்.

"செத்தவளும் பொம்பளதானய்யா. அவளை மட்டும் எப்படி உள்ள விடுவீக?" என்றாள் ராமுத்தாய். அவர்கள் பதில் யோசித்து முடிப்பதற்குள் நாங்கள் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

மண்ணைப் பிசைந்து ஒரு ஆள் நீட்டுப் படுத்திருக்கிற மாதிரி எருவாட்டிமேல் வைத்தோம். கைகால் ஒன்றும் சரியாக வரவில்லை, குருவம்மாளுடைய பூப்போட்ட சேலையைப் போர்த்தியதும் அவளாகவே ஆகிவிட்டாள். ராமுத்தாய் எல்லோருக்கும் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள், யாரும் ஊதக் கூடாது. ஊதினால் ஊதினவள் நிறம் வந்துவிடும், குருவம்மாள் நிறம் காணாமல் போய்விடும், ஒரு பெருமூச்சுகூட அந்தப் பக்கம் போகக் கூடாது. பச்சைக்காரிகள் எல்லோரும் தலைப்பைச் சுருட்டி வாயில் கவ்விக்கொண்டார்கள். நிறம் இல்லாத செல்வக்கனி தீ வைத்தாள், வாயால் ஊதாமல் முறத்தை எடுத்து விசிறினாள்.

தீ பிடிப்பதற்கும் ஜீப் வருவதற்கும் சரியாக இருந்தது. பொது இடத்தில் வெடிமருந்தைக் கொளுத்துகிறார்கள் என்று மேனேஜரே தாசில்தாருக்குச் சொல்லி அவரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பின்னால் ஒரு வண்டியில் உப்பு மூட்டைகள். ஜீப்பிலிருந்து கடைசியாக இறங்கியவர் வெள்ளைத்துரை. பெண்டாட்டி ஓடிப்போனாள் என்று தாசில்தார் முன்னால் சொல்ல வைப்பதற்காக அவரைக் கூட்டி வந்திருந்தார்கள்.

அந்த நேரம் எருவாட்டி கனிந்து மண்ணில் தீ ஏறி, பச்சை லேசாகத் தலை காட்டியது. மேனேஜர் கையைக் காட்டினார். அவர் ஆட்கள் மூட்டையைப் பிரித்து அந்தச் சேலைமேலேயே கொட்டினார்கள். உப்பு படபடவென்று பொரிந்தது, தீ அமுங்கியது, அப்புறம் மஞ்சளாக எழும்பியது, கண் கொள்ளாத மஞ்சள், அதற்குள்ளே பச்சையும் இல்லை நீலமும் இல்லை.

"பாத்தீங்களா சார், சும்மா மண்ணு. இதை வச்சு ஊரைக் கூட்டுறாங்க" என்றார் மேனேஜர்.

நாங்கள் ஒன்றும் பேசவில்லை, பேசினால் மூச்சு போகும். செல்வக்கனி விசிறிக்கொண்டே இருந்தாள். அவள் கை கடுத்தபோது நான் வாங்கி விசிறினேன், என் கை கடுத்தபோது அவள் வாங்கினாள். எரிகிற எதற்கும் முடிவு உண்டு, உப்புக்கும் உண்டு. மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக மெலிய ஆரம்பித்ததும் இன்னொரு மூட்டை கொட்டினார்கள், அதற்கும் விசிறினோம், அதுவும் மெலிந்தது. வண்டியில் மூட்டை தீர்ந்துபோனது. மேனேஜர் ஊருக்குள் ஆள் அனுப்பினார், போன ஆள் வெறுங்கையோடு வந்தான். கடைக்காரர் உப்பு இருப்பு இல்லை என்று சொல்லிவிட்டு மூட்டைமேலேயே உட்கார்ந்திருக்கிறார் என்றான்.

அப்போதுதான் மேனேஜருக்கு முதல்தடவையாகக் குரல் உயர்ந்தது. "வீட்டுக்கு வீடு பாக்கெட் பாக்கெட்டா குடுத்தேனே, அதை எடுத்துட்டு வாங்கம்மா. கம்பெனி உப்பைத் தின்னுட்டு கம்பெனிக்கே இப்படிப் பண்றீங்களே."

"நாங்க எங்க அண்ணாச்சி தின்னோம்" என்றேன் நான், எனக்குத்தான் வாயைத் திறக்கிற சுதந்திரம் இருந்தது. "அடுப்புல போடத்தான குடுத்தீங்க."

மஞ்சள் அடங்கியது. சேலை எரிந்து முடிந்து மண் தணலாகக் கிடந்தது, செல்வக்கனி முறத்தை ஓங்கி ஒரு விசிறு விசிறினாள், பச்சை எழுந்தது. யாரும் மூச்சு விடாத அந்த இடத்தில் அது நிதானமாக எழுந்து ஆள் உயரத்துக்கு நின்றது. ஓரத்தில், சுற்றிலும், மெல்லிசாக நீலம்.

மேனேஜர் பேசிக்கொண்டே போனார். அந்த மண்ணில் மருந்து கிடக்கிறது, பச்சையாக எரியத்தான் செய்யும், அதில் என்ன அதிசயம் என்றார். அது சரிதான். ஆனால் ஏழாம் நம்பர் ரூமில் செம்பு கிடையாது, நீலம் எங்கிருந்து வந்தது என்பது கெமிஸ்ட்ரி படித்த அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும், அவர் குரல் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் வழுக்கியது. தாசில்தார் எல்லோரையும் பார்த்து, இது அந்தம்மாதான் என்று யார் சொல்ல முடியும் என்று கேட்டார்.

செல்வக்கனி அப்பாவைப் பார்த்தாள். வெள்ளைத்துரை அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், அடுப்படி வாசலில் குத்தவைத்துப் பார்ப்பாரே, அதே முகம். அவர் வாயைத் திறந்தால் அவள் செத்துப்போவாள். திறக்காவிட்டால் கோவில்பட்டியிலோ வேறெங்கோ ஏதோ ஒரு வீட்டில் எவனுக்கோ சோறு பொங்கிக்கொண்டு அவள் உயிரோடு இருப்பாள், அது போதும் என்றுதான் அந்த மனுஷன் இத்தனை நாள் அவமானத்தைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அவரைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"அது எம் பொஞ்சாதி சார்" என்றார். "அந்தக் கரை அவளுக்கு மட்டுந்தான் வரும். அவ எங்கயும் ஓடிப் போகலை. வேலைக்குப் போனா. வேலைக்குப் போன இடத்துல செத்துப்போனா." சொல்லி முடித்ததும் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, ஊமைக் கோட்டான் என்று பெயர் எடுத்தவர், ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதார்.

தாசில்தார் மேனேஜர் பக்கம் திரும்பினார். "அந்த ரூம்ல எத்தனை பேர் வேலை பார்த்தாங்க?"

"நாலு பேர் சார். ஒரு பேச்சுக்கு இந்தம்மா உள்ள இருந்துச்சுன்னே வச்சுக்கிட்டாலும், தெரியாம நுழைஞ்சிருக்கும். அந்த நாலு பேரைத் தவிர ஏழாம் நம்பர்ல ஒரு ஈ காக்கா கிடையாது."

ராமுத்தாய் வாயிலிருந்து தலைப்பை எடுத்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக எடுத்தார்கள், பச்சை ரூம் பெண்கள் அத்தனை பேரும், காகிதத்தில் இல்லாதவர்கள் அத்தனை பேரும், நாளைக்கு வேலை இருக்காது என்று நன்றாகத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும், மண் காய்ந்த கால்களோடு சிதையைச் சுற்றி வந்து நின்று, இவ்வளவு நேரம் அடக்கி வைத்த மூச்சை நெஞ்சுக்குள் நிறைய இழுத்தார்கள். செல்வக்கனி முறத்தைக் கீழே வைத்துவிட்டு தாசில்தாருக்கு முன்னால் வந்தாள்.

"நாலு பேரா இல்லையான்னு நீங்களே எண்ணிக்கோங்க சார்" என்றாள். "எங்கம்மாவுல இருந்து ஆரம்பிங்க."